நாளை நடப்பதைச் சொல்பவரா தீர்க்கதரிசி?

கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டி ஏறினால், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சுமார் 45 கிலோமீட்டர். இந்தச் சின்னத் தூரத்துக்குள் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் புழங்குகிறது. சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் அவர் 'தீர்க்கதரிசி'. கத்தோலிக்கக் கோயிலில் 'இறைவாக்கினர்'. பி.முட்லூரில் இறங்கிப் பரங்கிப்பேட்டைக்குப் போனால் 'நபி'.

மூன்றும் ஒன்றல்ல என்று அந்தந்த மதத்துக்காரர்கள் விளக்கம் சொல்வார்கள்; அது சரிதான். ஆனால் சொற்களை மட்டும் பார்த்தால் சுவையான விஷயம் ஒன்று தெரியும். அரபியில் 'நபி', பைபிளின் பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரேயத்தில் 'நாவி'. இரண்டும் உடன்பிறந்த சொற்கள். கடவுளிடம் கேட்டதை மக்களிடம் சொல்பவர் என்பதே அதன் உள்பொருள். கத்தோலிக்கர்களின் 'இறைவாக்கினர்' அதற்கு மிக அருகில் வருகிறது. தமிழ்ச் சீர்திருத்தச் சபைகள் தலைமுறை தலைமுறையாக வாசித்த பைபிளில் இருப்பதோ 'தீர்க்கதரிசி'. தீர்க்கம் என்றால் நீளம், தொலைவு. தொலைவில் வருவதை முன்னாலேயே பார்ப்பவர். சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அழைப்பிதழில் ஊர் பெயரை மாற்றிப் போட்டது போல, கூட்டம் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

வேறு இடம் என்றால், சிதம்பரத்துக்குத் தெற்கே சீர்காழியைத் தாண்டியதும் வரும் வைத்தீஸ்வரன்கோவில். ஆணுக்கு வலது கட்டைவிரல், பெண்ணுக்கு இடது. ரேகையைப் பதித்துக் கொடுத்தால் ஓலைக்கட்டு எடுத்து வந்து நாடி வாசிப்பார்கள். மகளுக்கு எப்போது கல்யாணம், மகனுக்கு வெளிநாடு வாய்க்குமா, கடன் எப்போது தீரும் என்பதுதான் அங்கே போகிறவர்களின் கேள்வி. இதே கேள்விகளோடு, ஞாயிறு மாலை 'தீர்க்கதரிசன ஊழியர்' வருகிறார் என்று பந்தல் போட்ட கூட்டத்துக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் போகின்றன. கேட்பவர் மனதில் இரண்டுக்கும் வேறுபாடு அதிகமில்லை. அங்கே ஓலை, இங்கே மைக்.

இது சபைக்குள்ளே தீர்த்துக்கொள்ளும் இறையியல் விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. ஒரு வாக்கை நம்பி நிச்சயம் செய்த கல்யாணம் நின்றுபோகிறது; வீடு விற்கப்படுகிறது; சர்க்கரை மாத்திரை நிறுத்தப்படுகிறது. அதனால் பைபிளில் இந்த ஆட்கள் உண்மையில் என்ன வேலை பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்வது எந்த மதத்துக் குடும்பத்துக்கும் உதவும்.

அவர்கள் வருங்காலம் பேசவே இல்லையா? பேசினார்கள். ஆனால் எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. யோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். மீன் விழுங்கிய கதையாக மட்டுமே பலருக்கு அவரைத் தெரியும். 40 நாளில் நினிவே நகரம் கவிழ்ந்துபோகும் என்று அவர் தெருவில் நின்று அறிவித்தார். ஊர் பயந்தது; ராஜா முதல் கடைசி ஆள் வரை உபவாசம் இருந்து, செய்துகொண்டிருந்த கொடுமைகளை விட்டார்கள். 40 நாள் போனது. நகரம் கவிழவில்லை. சொன்னது நடக்கவில்லையே என்று யோனாவுக்கு மகா கோபம். ஊருக்கு வெளியே குடிசை போட்டு முறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடவுளுக்கோ அந்த வாக்கு பலிக்காமல் போனதில்தான் சந்தோஷம். பலிக்காமல் போவதற்காகவே சொல்லப்பட்ட வாக்கு அது.

எசேக்கியா ராஜாவின் கதையும் இதே வகைதான். நீர் பிழைக்கமாட்டீர், வீட்டுக் காரியங்களை ஒழுங்கு செய்துகொள்ளும் என்று ஏசாயா நேராகச் சொல்லிவிட்டுப் போனார். ராஜா சுவர்ப்பக்கம் திரும்பி அழுது ஜெபித்தார். முற்றத்தைத் தாண்டுவதற்குள் ஏசாயா திரும்பி வர வேண்டியதாயிற்று: 15 வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. அதோடு அவர் நிற்கவில்லை. அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து கட்டியின் மேல் பற்றுப் போடச் சொன்னார். தீர்க்கதரிசிகளில் பெரியவர் என்று எண்ணப்படும் ஏசாயாவே மருந்து கட்டச் சொல்லியிருக்கும்போது, மாத்திரையை விட்டுவிடு என்று சொல்கிறவருக்கு எந்த அத்தியாயத்தில் ஆதாரம் இருக்கிறதோ தெரியவில்லை.

இவர்களுடைய முக்கிய வேலை நிகழ்காலத்தைப் பற்றிப் பேசுவது. அதிலும் கேட்க விரும்பாத ஆளிடம் போய்ப் பேசுவது. அடுத்தவன் மனைவியை அபகரித்து, அவனைப் போர்முனையில் சாகவிட்ட தாவீது ராஜாவிடம் நாத்தான் ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்னார். அநியாயம் செய்த பணக்காரன் மேல் ராஜா கோபத்தில் கொதித்தபோது, அந்த ஆள் நீர்தான் என்றார். ஆமோஸ் ஆடு மேய்த்தவர், காட்டத்திப் பழம் பார்த்தவர். ஏழைகளை ஒரு ஜோடிச் செருப்பு விலைக்கு வாங்குகிறீர்களே என்று பெத்தேல் கோயில் வாசலில் கேட்டார். அந்தக் கோயிலின் ஆசாரியர், உன் ஊருக்குப் போய் அங்கே தீர்க்கதரிசனம் சொல்லிப் பிழைத்துக்கொள் என்று துரத்தினார். தான் தீர்க்கதரிசியும் இல்லை, தீர்க்கதரிசியின் பிள்ளையும் இல்லை என்பதே ஆமோஸின் பதில். விசிட்டிங் கார்டில் 'தீர்க்கதரிசி' என்று அச்சடித்துக்கொள்வோர் அந்த இடத்தை ஒருமுறை படிக்கலாம்.

பெண்களும் இந்த வரிசையில் உண்டு. கோயிலைப் பழுது பார்க்கும்போது பழைய சட்டச் சுருள் ஒன்று கிடைத்தது. யோசியா ராஜாவின் ஆட்கள் அதைப் பற்றி விசாரிக்கப் போனது உல்தாள் என்ற பெண்மணியிடம். எரேமியா வாழ்ந்த காலம்தான் அது.

ஆமோஸின் வேலையைப் பார்த்த ஆள் கடலூர் வட்டாரத்திலேயே ஒருவர் இருந்தார். கடலூரில் சீர்திருத்தச் சபை மிஷன் 1737-லேயே தொடங்கிவிட்டது. நூறு வருஷத்துக்குப் பின், தரங்கம்பாடியை மையமாகக் கொண்ட லுத்தரன் சபைகளில் பெரிய சர்ச்சை எழுந்தது: கோயிலுக்குள் சாதி இருக்கலாமா? தனித்தனி இடம், நற்கருணையில் முன்பின் என்று வழக்கங்கள் இருந்தன. 1850-ல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு சாதிக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சாதி சமூக வழக்கம், அதை வலுக்கட்டாயமாக உடைக்கக் கூடாது என்பது அதன் இயக்குநர் கார்ல் கிரவுலின் வாதம். திருக்குறளை ஜெர்மனுக்கும் லத்தீனுக்கும் கொண்டுபோன அதே கிரவுல்தான். தமிழை அவ்வளவு நேசித்த மனிதருக்கு இந்த ஓர் இடத்தில் பார்வை மங்கிவிட்டது.

அவருடைய மிஷனில் வேலை பார்த்த கார்ல் ஓக்ஸ் இதை ஏற்கவில்லை. கடைசியில் மிஷனை விட்டு வெளியே வந்தார். 1860-களின் தொடக்கத்தில் நெல்லிக்குப்பம் பக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாகப் பணியைத் தொடங்கினார். டென்மார்க் மிஷன் சங்கம் பின்னால் அவருக்குத் துணை வந்தது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கே இருக்கிறது. ஓக்ஸ் எந்தத் தேதியையும் முன்னறிவித்ததாகச் செய்தி இல்லை. யாரும் அவரைத் தீர்க்கதரிசி என்று அழைக்கவும் இல்லை. சம்பளம் கொடுத்த நிர்வாகத்திடம், நீங்கள் செய்வது தப்பு என்று சொன்னார். பைபிள் கணக்கில் அது தீர்க்கதரிசன வேலை.

அவர் சொல்லி முடித்ததும் சாதி கோயிலைவிட்டுப் போய்விடவில்லை. 2008 மார்ச்சில், புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் தலித் கிறிஸ்தவர்களுக்கும் மற்றக் கிறிஸ்தவர்களுக்கும் மோதல் வெடித்தது. காவல்துறை சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பிய ஊர்களும் தமிழகத்தில் உண்டு. அந்தச் சுவருக்கு எதிரே நின்று பேசுகிற தீர்க்கதரிசிகளைவிட, கார் வாங்குவீர்கள் என்று சொல்கிற தீர்க்கதரிசிகளுக்குக் கூட்டம் அதிகம்.

சரி, அந்நிய பாஷை, தரிசனம், வாக்கு என்று இன்று பெந்தெகொஸ்தே கூட்டங்களில் காண்பதெல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு என்று ஒரு பேச்சு உண்டு. அது முழு உண்மை இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் அசூசா தெருவில் 1906-ல் நடந்த எழுப்புதலைத்தான் உலகம் பெரிதாகப் பேசுகிறது. அதற்கு 46 வருஷம் முன்பே, வத்திராயிருப்பு பக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் இதெல்லாம் நடந்திருக்கிறது.

அந்தக் கிராமத்தின் பெயர் கிறிஸ்தியான்பேட்டை. உருவாக்கியவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1810-ல் பிறந்தவர், பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். 1833-ல் இந்தியாவுக்கு வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரின் சேர்க்கை அவரை மாற்றியது. குரோவ்ஸ் பல் மருத்துவராக இருந்தவர். மிஷன் சம்பளம் வாங்காமல், கடவுள் தருவதில் பிழைக்க வேண்டும் என்ற கொள்கைக்காரர். அருளப்பனும் அதையே பிடித்துக்கொண்டார். 1840-ல் கிராமத்தை அமைத்து, விவசாயமும் ஊழியமுமாக நடத்தினார். வெள்ளைக்கார மிஷனரியின் கையை எதிர்பார்க்காத தமிழ்ச் சபை அந்தக் காலத்தில் அபூர்வம்.

1860-ல் அங்கே திடீரென்று மக்கள் அழுதார்கள், நடுங்கி விழுந்தார்கள், பாவங்களை வெளிப்படையாக அறிக்கையிட்டார்கள். சிலர் அந்நிய பாஷை பேசினார்கள், சிலர் அதற்கு அர்த்தம் சொன்னார்கள், சிலர் தீர்க்கதரிசனம் உரைத்தார்கள். ஆண்களும் பெண்களும் சம்பளம் இல்லாமல் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். திருநெல்வேலிச் சீமையின் வடபகுதி முழுக்க அது பரவியது. இந்த வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டன என்று கற்பித்து வந்த மிஷனரிகளுக்குக் குழப்பம். சிலர் வியந்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். அருளப்பன் எழுதிவைத்த நாட்குறிப்புகள் இல்லாதிருந்தால் இது செவிவழிக் கதையாகப் போயிருக்கும். 1939-ல் ஜி.ஹெச்.லாங் என்பவர் அவற்றை ஆங்கிலத்தில் நூலாக்கினார்.

அருளப்பன் 1867-ல் காலமானார். அந்த அலை மலையைத் தாண்டித் திருவிதாங்கூருக்குப் போனது. அங்கேதான் கதை திரும்புகிறது.

பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் ராமய்யன் என்ற பெயரில் பிறந்தவர் 1861-ல் ஞானஸ்நானம் பெற்று யூஸ்துஸ் ஜோசப் ஆனார். வித்வான் குட்டி என்றே கேரளம் அவரை அறியும். சங்கீதமும் கவிதையும் கைவந்தவர், ஆங்கிலிகன் சபையின் போதகர். 1875-ல் அவரைச் சுற்றி எழுப்புதல் கிளம்பியது. அதோடு ஒரு தேதியும் கிளம்பியது: ஆறு வருஷத்தில், 1881-ல், கிறிஸ்து திரும்பி வருவார். நம்பியவர்கள் சபையை விட்டுப் பிரிந்து அவர் பின்னால் போனார்கள். 1881 வந்தது, போனது. அதற்குப் பிறகும் அவர்கள் கலையவில்லை; நடந்ததற்குப் புது விளக்கம் சொல்லி 'யுயோமய சபை' என்று தனிச் சமூகமானார்கள். நாளாவட்டத்தில் அது சுருங்கிப்போனது. வித்வான் குட்டி 1887-ல் மறைந்தார். தேதி பொய்த்தாலும் பாட்டு பொய்க்கவில்லை. கேரளச் சபைகளில் அவருடைய கீர்த்தனைகளை இன்றும் பாடுகிறார்கள்.

அருளப்பன், வித்வான் குட்டி இருவருமே பணத்துக்காக எதையும் செய்தவர்கள் அல்ல. நல்ல மனிதர் சொல்வதால் வாக்கு சரியாகிவிடாது என்பதுதான் இங்கே கவலை. ஆதிச் சபைக்கு இந்தக் கவலை முதல் நூற்றாண்டிலேயே இருந்தது. பவுல் கொரிந்து சபைக்கு எழுதியபோது, தீர்க்கதரிசனத்தை விரும்பித் தேடுங்கள் என்றார். கூடவே, இரண்டு மூன்று பேர் மட்டும் பேசட்டும், மற்றவர்கள் அதை நிதானித்துப் பார்க்கட்டும் என்று கடிவாளமும் போட்டார். அதாவது சபையில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கும் வேலை உண்டு. இன்றைய கூட்டங்களில் காணாமல் போயிருப்பது இந்த இரண்டாம் பாதிதான். ஆமென் சொல்ல ஆயிரம் பேர். நிதானித்துப் பார்க்க யாரும் இல்லை. கேள்வி கேட்டால், அபிஷேகம் பெற்றவரை எதிர்க்கிறாயா என்று அண்ணனும் அத்தையும் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

'டிடாக்கே' என்ற பழைய கிறிஸ்தவ நூல் இன்னும் கறாரானது. பல நூற்றாண்டு காணாமல் கிடந்து 1873-ல் கான்ஸ்டான்டிநோப்பிளில் கிடைத்த கையேடு அது. ஊர் ஊராக வரும் ஊழியர் ஒருநாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் நகராவிட்டால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த ஊர் வரைக்குமான அப்பம் கொடுக்கலாம். பணம் கேட்டால் கள்ளர். ஆவியில் நிறைந்து, விருந்து வை என்று சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து சாப்பிட்டாலும் கள்ளர். மற்ற ஏழைகளுக்காகக் கேட்டால் மட்டும் குற்றம் இல்லை. விருந்தோம்பலில் ஏமாந்து ஏமாந்து புத்தி வந்த ஊர்க்காரர்கள் எழுதியது போலவே இருக்கும்.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு வகை வாக்கும் பழக்கம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமி தேவனாம்பட்டினம் முதல் பிச்சாவரம் பக்கத்துத் தீவுக் கிராமங்கள் வரை வாரிக்கொண்டு போனது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அடுத்த நாள் இரவு ஆண்டிறுதி ஆராதனை. இரண்டு அழிவுகளுக்குப் பிறகும், இது எனக்கு முன்பே காட்டப்பட்டது என்ற குரல்கள் கேட்டன. இப்போது ஒவ்வொரு புயலுக்கும் வீடியோவே வந்துவிடுகிறது. கடலோரம் கலங்கும், ஒரு தலைவர் மறைவார், விலைவாசி ஏறும் என்று ஜனவரியில் சொன்னால் டிசம்பருக்குள் எது நடக்காமல் இருக்கும்?

பஞ்சம் வரும் என்று சொன்ன அகபுவைப் பற்றிப் புதிய ஏற்பாட்டில் ஒரு சிறு செய்தி இருக்கிறது. அவர் சொன்னதும் அந்தியோகியா சபையார் செய்த முதல் காரியம், ஆளுக்கு இயன்றதைச் சேர்த்து யூதேயாவில் இருந்தவர்களுக்கு அனுப்பியது. சுனாமி அன்று பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் யாருடைய முன்னறிவிப்பும் இல்லாமலே உணவு சமைத்து மீனவ மக்களிடம் கொண்டுபோனார்கள்.

எரேமியாவுக்கும் அனனியாவுக்கும் எருசலேம் ஆலயத்தில் நடந்த வாக்குவாதத்தை, வாக்கு கேட்கப் போகும் முன் வீட்டில் யாராவது ஒருவர் படித்துவிடுவது நல்லது. பாபிலோனின் நுகம் இரண்டே வருஷத்தில் உடையும், கொண்டுபோனதெல்லாம் திரும்பி வரும் என்றார் அனனியா. ஜனங்கள் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான். அப்படியே ஆகட்டும் என்று எரேமியாவும் சொன்னார்; அவருக்கும் அதுதான் விருப்பம். ஆனால் சமாதானம் வரும் என்று சொல்கிறவனை, அது வந்த பிறகுதான் நம்ப வேண்டும் என்றார். சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அவர் எழுதியனுப்பிய கணக்கு 70 வருஷம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்த ஊர் நன்றாக இருக்க ஜெபியுங்கள் என்பது கடிதத்தின் சாரம். அனனியா அந்த வருஷமே இறந்துபோனார்.

பின்னால் பாபிலோன் சேனை நகரத்தைச் சுற்றி வளைத்து நின்றது. எரேமியா காவலில் இருந்தார். நிலத்துக்கு மதிப்பே இல்லாத அந்த நேரத்தில், சொந்த ஊரான ஆனதோத்தில் இருந்த ஒரு வயலை விலைக்கு வாங்கச் சொல்லி அவருக்கு வாக்கு வந்தது. இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் வயலும் விலைபோகும் என்பது அதன் பொருள். எரேமியா தகப்பனுடைய சகோதரரின் மகனிடம் 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார், சாட்சி வைத்தார். நெடுநாள் இருக்கும்படி அதை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லி பாருக்கிடம் ஒப்படைத்தார். வாக்கு அவருடையது, பணமும் அவருடையதுதான்.